பால்மூக்கியும் ஒரு நெளிந்த வாளியும்

என் வீட்டுக்காரரிடம் அவருடைய கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிவார், கூரையைப் பார்ப்பார், "இருந்தாரு, ஒருத்தர் இருந்தாரு" என்பார். ஆனால் பால்மூக்கியின் அம்மா யார், அம்மாவைப் பெற்றவள் யார், அவளுடைய அப்பன் எந்த மைதானத்தில் எந்த மழையில் யாரை முந்தினான் என்று வாய்தவறிக் கேட்டுவிட்டால் போதும், தட்டில் சோறு காய்ந்துபோகும். கல்யாணமான புதிதிலிருந்தே இப்படி ஏதாவது ஒரு குதிரையின் வம்சத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் கட்டிக்கொண்டது ஒரு மனிதரையா, இல்லை ஒரு குதிரைக் குடும்பத்தின் சம்பந்தியையா என்று அப்போதே சந்தேகம்.

அவர் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்பவர். ஒரு குதிரையைக் குளிப்பாட்டி, தேய்த்து, தீனி வைத்து, ஓடி வந்த காலில் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, பந்தய நாளில் கயிற்றைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஜாக்கியிடம் ஒப்படைப்பவர். ஓடுவது குதிரை, ஓட்டுவது ஜாக்கி, பேர் வாங்குவது முதலாளி. இவருக்கு வந்து சேர்வது வியர்த்து மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பும் ஒரு குதிரை. அதற்கே மனுஷர் அவ்வளவு சந்தோஷப்படுவார்.

நான் தையல்காரி. ஜாக்கிகள் போட்டுக்கொள்ளும் பளபளப்பான சட்டைகளைத் தைக்கிறேன். முதலாளிக்கு முதலாளி நிறம் மாறும். எங்கள் முதலாளியம்மாவுக்கு மஞ்சள் உடம்பு, கறுப்புக் கை. வழுக்குகிற துணி அது, கொஞ்சம் கண்ணை எடுத்தால் ஊசியை ஏமாற்றிவிட்டு நழுவும். இவ்வளவு சட்டை தைத்தும் நான் பந்தயம் பார்ப்பதில்லை. கல்யாணமான வருஷம் ஒரே ஒரு தடவை போனேன். வளைவில் ஒரு குதிரை முன்னங்கால் மடிந்து விழுந்தது. நான் தைத்த சட்டை புழுதியில் கிடந்தது, அதற்குள் இருந்த ஆள் அசையவில்லை. அந்த ஜாக்கி எப்படியோ பிழைத்துக்கொண்டார். குதிரையை முடித்துவைப்பது யார் கண்ணிலும் படாமலிருக்க அதைச் சுற்றிப் பச்சைத் திரை பிடித்தார்கள். அதற்கப்புறம் சட்டையைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன்.

அவர் ஒப்பிக்கும் வம்சக் கதை எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது, வேறு வழியில்லாமல். சண்டைக்காரி என்று ஒருத்தி இருந்தாள். பக்கத்தில் எந்தக் குதிரை வந்தாலும் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு முறைப்பாள், முறைப்பு வாங்கிய குதிரை பின்வாங்கும், பெரிய பந்தயமெல்லாம் அவளுக்குத்தான். அவளுடைய மகள் சோம்பேறி. பெயரை வைத்து எடைபோட வேண்டாம். வளைவு தாண்டியதும் எல்லோரையும் உதறிவிட்டு முன்னால் வந்துவிடுவாள். வந்த பிறகு கடைசி நேர்பாதையில், கூட வந்தவர்கள் எங்கே என்று தேடுவதுபோல் தளர்ந்துவிடுவாள். சின்னப் பந்தயங்கள் ஜெயித்தாள், பெரிய பந்தயம் ஒன்றுகூட இல்லை. அவளைப் பார்த்துக்கொண்டது என் வீட்டுக்காரர்தான். ஓட்டம் முடிந்து, குட்டி போடுவதற்காக அவளைப் பண்ணைக்கு அனுப்பினார்கள். பின்னாலேயே நாங்களும் மூட்டை கட்டினோம்.

பண்ணையில் அவளோடு சேர்த்த ஆண் குதிரை இரும்பன். ஒரு சீசன் முழுக்கத் தோற்காதவன். உலகத்தில் எந்தப் பந்தயக் குதிரையை எடுத்துக்கொண்டாலும், அப்பன், அப்பனுக்கு அப்பன் என்று பின்னாலேயே போனால், சில நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த மூன்றே மூன்று குதிரைகளில் ஒன்றில் போய் முட்டும் என்பார் இவர். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவர்கள் கணக்கில் அப்பன் ஒன்றாக இருந்தால் அண்ணன் தங்கை கிடையாது. இரும்பனுக்கு ஊரெல்லாம் பிள்ளைகள், அத்தனை பேரையும் சொந்தம் என்று சேர்த்தால் கட்டுப்படியாகுமா? தாய் ஒன்றாக இருந்தால்தான் உடன்பிறப்பு. இதைக் கேட்ட அன்றைக்குத்தான் அந்தக் கூட்டத்தின்மேல் எனக்கு முதல்முதலாக ஒரு மரியாதை வந்தது.

சோம்பேறி குட்டி போட்டது ஒரு விடியற்காலையில். "பழைய துண்டு இருக்கறதெல்லாம் எடுத்துக்கிட்டு ஓடி வா" என்று ஜன்னலைத் தட்டிவிட்டு ஓடினார். நான் போனபோது குட்டி வைக்கோலில் ஈரமாகக் கிடந்தது. அதன் காலைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. உடம்புக்கும் காலுக்கும் சம்பந்தமே இல்லை. வேறு ஏதோ பெரிய குதிரைக்கு வெட்டி வைத்த காலை அவசரத்தில் இதற்குத் தைத்துவிட்டார்கள் என்றுதான் ஒரு தையல்காரிக்குத் தோன்றும்.

தாய்க்கு உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது. கால்நடை டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே தலையை ஆட்டினார்.

"மொதப் பால் உள்ள போகலேன்னா குட்டி தங்காது" என்று சொல்லிவிட்டு இவர் வாளியை இழுத்துக்கொண்டு தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாகிற குதிரையின் மடியில் ஒருவர் அழுதுகொண்டே பால் கறப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்க வேண்டாம். சோம்பேறி தலையை ஒரு தடவை தூக்கி அவரைப் பார்த்தாள். உதைக்கவில்லை, உதற நினைக்கவும் இல்லை. அவர் கறந்து முடிக்கும்வரை அப்படியே கிடந்தாள்.

அந்த நேரத்தில்தான் குட்டி எழுந்தது. பின்னங்காலை ஊன்றியது, முன்னால் குப்புற விழுந்தது. மறுபடி ஊன்றியது, பக்கவாட்டில் சாய்ந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பக்கத்தில் தாய் செத்துக்கொண்டிருக்கிறாள், அது மட்டும் விடவில்லை. நான்கு காலையும் நான்கு பக்கம் பரப்பி, நடுங்கி நடுங்கி, கடைசியில் நின்றுவிட்டது. பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. என் மகள் நிற்பதற்கு ஒரு வருஷம் எடுத்துக்கொண்டாள், அதற்கே நாங்கள் ஊரைக் கூட்டினோம். அந்த ஈரக் குட்டி நின்றதைப் பார்த்து என் உடம்பு சிலிர்த்துப்போனது. குதிரையைக் கண்டாலே ஆகாத என் உடம்பு.

பாட்டிலில் பால் குடித்ததும் மூக்கெல்லாம் பால். துண்டால் துடைத்தேன், போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். அது பால் இல்லை, மூக்கின் இடது பக்கத்தில் பிறவியிலேயே ஒரு வெள்ளை. பால்மூக்கி என்று நான்தான் கூப்பிட்டேன். பதிவில் அவளுக்கு ஒரு பெரிய பெயர் உண்டு. அதை ஒலிபெருக்கியைத் தவிர யாரும் சொன்னதில்லை.

குட்டி போட்டிருந்த வேறொரு குதிரையிடம் அவளை விட்டுப் பார்த்தார்கள். அது விட்ட உதை குட்டிமேல் படாமல் வாளியில் பட்டது, வாளி நெளிந்தது. அதன் பிறகு தாய் என்றால் இவர்தான். பாட்டிலை மறக்கவைத்து வாளியில் குடிக்கப் பழக்கினார். அந்த நெளிந்த அலுமினிய வாளியில் பாலை ஊற்றி, கைப்பிடியால் டண், டண் என்று இரண்டு தட்டு தட்டுவார். குட்டி எந்த மூலையில் நின்றாலும் பறந்து வரும். எங்கள் அடுப்படி வாசலில் வைத்துத் தட்டினால் அடுப்படிக்குள்ளேயே வந்துவிடும். முதலாளியம்மாவின் மஞ்சள் துணியை ஒரு தடவை பாதி தின்றுவிட்டது. அதிலிருந்து டண், டண் என்று கேட்டாலே நான் மடியில் இருக்கும் துணியை இழுத்துச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிவிடுவேன். தூக்கக் கலக்கத்தில்கூட என் கை அதைச் செய்யும்.

"எனக்கு ஒரு சக்களத்தி வந்து வாய்ச்சுட்டா" என்று புலம்பினேன். வெளியூரில் நர்ஸ் வேலை பார்க்கும் என் மகள் போனில் சிரிப்பாள். "அம்மா, தங்கச்சி நல்லா சாப்பிடறாளா?" என்று அவளைத்தான் முதலில் விசாரிப்பாள்.

ஓடுகிற வயது வந்ததும் பால்மூக்கியைப் பந்தய மைதானத்து லாயத்துக்குக் கொண்டுபோனார்கள். இவர் இல்லாமல் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதனால் எங்களுக்கு லாயத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. என் தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டால் கட்டில் போட இடமில்லை, கட்டிலைப் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. திறந்த பாதிக் கதவு வழியாகத் தெரிவது அவள் முகம்தான்.

முதல் பந்தயத்திலேயே மைதானம் அவளைத் திரும்பிப் பார்த்தது. வளைவு தாண்டி முதல் ஆளாக வந்தாள், தனியாக வந்தாள். பாதி நேர்பாதையில் தளர்ந்தாள். இரண்டாவதாக வந்தாள். அடுத்ததிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே. சின்னப் பந்தயத்தில் மற்ற குதிரைகள் ரொம்பப் பின்னால் இருந்தால் தளர்ந்தும் ஜெயிப்பாள். பெரிய பந்தயத்தில் அது நடக்குமா?

"அம்மா புத்தி. ரத்தத்துலயே இருக்கு" என்றார் இவர். பயிற்சியாளரும் அதையேதான் சொன்னார். ஊரே அதையேதான் சொன்னது. கண்மறைப்பு கட்டிப் பார்த்தார்கள். ஜாக்கியை மாற்றினார்கள். சிட்டு என்று கூப்பிடும் பையன் வந்தான், இறக்கை முளைக்காத குறைதான், அத்தனை லேசு. கடைசிவரை பிடித்து வைத்திரு, அப்புறம் விடு என்று அவனுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். விட்டான். வந்தாள். நின்றாள். ஒரு தடவை நேர்பாதையில் வெளி வேலிப் பக்கமாக விலகி இன்னொரு குதிரைக்கு வழிமறித்துவிட்டாள். இன்னொரு தரம் இப்படி ஆனால் ஓடவே விடமாட்டோம் என்று நடுவர்கள் எச்சரித்தார்கள்.

முதலாளியம்மா நல்ல மனுஷிதான், ஆனால் அவர் பொறுமைக்கும் ஒரு எல்லை இருக்கும் அல்லவா? பயிற்சியாளர் ஒரு நாள் இவரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணே, மறைக்காம சொல்லிடறேன். சீசன் கடைசிப் பெரிய பந்தயத்துல இவ ஜெயிச்சா பண்ணைக்குப் போவா, குட்டி போடுவா, நீங்களும் கூடப் போகலாம். இல்லேன்னா வெளிநாட்டுல ஒருத்தர் கேட்டிருக்காரு, குடுத்துடப் போறாங்க."

அன்று இவர் சாப்பிட உட்கார்ந்து, கையைத் தட்டில் வைத்தபடியே இருந்தார்.

"அவங்களுக்கு அவளைப் பத்தி என்ன தெரியும்? அவ தண்ணி குடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தரம் ஊதிப் பாப்பா. அதுகூடத் தெரியாதே" என்றார்.

எனக்குச் சக்களத்தி ஒழிந்தாள் என்று சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்தப் பெரிய பந்தயத்துக்கு முன்னால் இன்னும் ஒரு பந்தயம் இருந்தது. சேணத்தில் மாட்டிச் சிட்டுவின் சட்டைக் கை கிழிந்துவிட்டது என்று ஆள் ஓடி வந்தான். ஊசி நூலோடு போய் நின்ற இடத்திலேயே தைத்துக் கொடுத்தேன். வெளியே வருவதற்குள் வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டது. இடித்துப் பிடித்துப் போனதில் வேலியோரம், லாயக்காரர்கள் நிற்கிற இடத்தில் போய் மாட்டிக்கொண்டேன். இவருக்கு மூன்று ஆள் தள்ளி நான் நிற்பது இவருக்கே தெரியாது.

லாயக்காரர்களுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. பந்தயம் முடிந்ததும் குதிரையைத் துடைக்க ஆளுக்கொரு வாளி வைத்திருப்பார்கள். தன் குதிரை வளைவைத் தாண்டியதும் அந்த வாளியைத் தட்டுவார்கள். சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கைதட்டல், இவர்களுக்கு வாளி. தகரம், பிளாஸ்டிக், அலுமினியம் எல்லாம் சேர்ந்து காது கிழியும்.

குதிரைகள் கிளம்பிவிட்டன. எனக்கு அந்தப் பச்சைத் திரை ஞாபகம் வந்துவிட்டது. ஓடுகிற குதிரையைப் பார்க்கப் பயந்துகொண்டு என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் பால்மூக்கியின் பெரிய பெயர் முதலாவதாக வந்தது. இவர் அந்த நெளிந்த வாளியைத் தூக்கினார். டண், டண்.

என் கை முந்தானையை இழுத்துச் சுருட்டியது. கால் ஒதுங்கச் சுவரைத் தேடியது. அங்கே ஏது சுவர்?

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். பால்மூக்கியின் ஒரு காது எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அப்புறம் கழுத்து. சிட்டு கையால் அழுத்துகிறான், காலால் உந்துகிறான். அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை, அவளைப் பால் குடிக்கக் கூப்பிடுகிறார்கள். இவரோ குதிரை தளர்வதைப் பார்த்துப் பதறி இன்னும் பலமாகத் தட்டினார். பக்கத்துக் குதிரை அவளைத் தாண்டிப் போனது.

சாயங்காலம் லாயத்துக்குப் போனேன். அவர் குந்தி உட்கார்ந்து பால்மூக்கியின் காலுக்குத் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்கற விஷயமா இருந்தா சொல்லாத."

"அவ அம்மா புத்தியால நிக்கல. நீங்க கூப்பிடறீங்க, அவ நிக்கறா."

"நான் எங்க கூப்பிட்டேன்? உளறாம போ."

நான் மூலையில் இருந்த வாளியை எடுத்து இரண்டு தட்டு தட்டினேன். பால்மூக்கி அவர் கையிலிருந்து காலை உருவிக்கொண்டு திரும்பினாள். பட்டை அவிழ்ந்து வைக்கோலில் இழுபட, நேராக வந்து வாளிக்குள் முகத்தை விட்டாள். உள்ளே ஒன்றும் இல்லை. தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல்.

இவர் குந்திய இடத்தைவிட்டு எழவில்லை. அவிழ்ந்த பட்டையைச் சுருட்டினார், மறுபடி பிரித்தார், மறுபடி சுருட்டினார். "போ, போய் உன் வேலையப் பாரு" என்றார். குரலில் கோபம் இல்லை.

மறுநாள் அவரே போய்ப் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டார். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "பாத்துடுவோம்ணே. நாளைக்குக் காலைல வேலியோரம் வாளி இல்லாம சும்மா நில்லுங்க" என்றார். நின்றார். பால்மூக்கி ஓடி வந்தாள், அந்த இடம் வந்ததும் கண்ணாலேயே இவரைத் தேடிப் பிடித்துத் தளர்ந்தாள். அதற்கடுத்த காலை இவரைத் தீனிக் கிடங்கின் சுவருக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தரை மட்டும் அதிர்ந்தது. குளம்புச் சத்தம் எங்கள் முன்னால் வந்தது, குறையவில்லை, அப்படியே கடந்து போனது. இவர் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். வெளியே வந்தபோது பயிற்சியாளர் கையிலிருந்த கடிகாரத்தைக் காதருகே வைத்து, ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிடும்போது இவர் திடீரென்று கேட்டார்.

"இவ அம்மாவையும் நான்தான பாத்துக்கிட்டேன்?"

"ஆமா."

"அப்பவும் இதே வாளிதான். தீனிக்கு இதைத் தட்டித்தான் கூப்பிடுவேன். அப்ப நெளியல, அவ்வளவுதான்."

நான் அவர் தட்டில் ரசம் ஊற்றினேன்.

"ரத்தம், ரத்தம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே."

சண்டைக்காரியை யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டேன். அது வேறு ஆள் என்றார். அதனால்தான் அவள் ஜெயித்திருக்கிறாள் என்று வாய்வரை வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் விழுங்கிய ஒரே பேச்சு அதுதான்.

பெரிய பந்தயத்தன்று பால்மூக்கியை அவர்தான் தேய்த்தார். அவள் தோல் எவ்வளவு மெல்லிசு என்று அன்றுதான் கிட்ட நின்று பார்த்தேன். உள்ளே ஓடும் நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது, விலாவில் கை வைத்தால் இதயம் இடித்தது. அணிவகுப்பு வட்டத்தில் அவரே பிடித்து நடத்தினார். மைதானத்தின் வாசலில் கயிற்றைப் பக்கத்து லாயக்காரர் நெட்டையிடம் கொடுத்தார். அவள் நெற்றியில் தன் நெற்றியை ஒரு தடவை வைத்தார். அப்புறம் என் பக்கம் வந்தார்.

"நான் லாயத்துல இருக்கேன். நீ போய் நின்னு பாரு."

"என்னால பாக்க முடியாதுங்க. உங்களுக்கே தெரியும்."

"மத்தவன் எவன் சொன்னாலும் நேரத்தையும் தூரத்தையும்தான் சொல்லுவான். நீதான் உள்ளதை உள்ளபடி சொல்லுவ. எனக்காகப் பாரு. வந்து சொல்லு."

திரும்பி நடந்தார். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அன்று போன ஒரே ஆள் அவர்தான்.

அவர் எப்போதும் நிற்கும் இடத்தில் நான் நின்றேன். வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிளம்பும் இடத்துக் கதவுகள் திறந்தன. தூரத்தில் நிறங்கள் ஒரு கட்டாக நகர்ந்தன, அதில் என் மஞ்சளைத் தேடினேன். நடுவில் இருந்தது. வளைவு வந்தது. அந்தக் கட்டு அவிழ்ந்தது, மஞ்சள் மட்டும் வெளியே வந்தது.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். வாளிச் சத்தமே இல்லை. இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். லாயக்காரர்கள் எல்லோரும் வாளியை மாரோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவரவர் குதிரையும் அதே பந்தயத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நெட்டை வாளிக்குள் கோணியைத் திணித்து வைத்திருந்தார். யார் யாரிடம் சொன்னார்கள், எப்போது பேசிக்கொண்டார்கள், எனக்குத் தெரியாது.

பால்மூக்கி எங்கள் இடத்துக்கு வந்தாள். காது எங்கள் பக்கம் திரும்பியது. தேடியது. பார்வையாளர் மேடையில் ஊரே கத்திக்கொண்டிருந்தது, ஆனால் அவள் கேட்க நினைத்த சத்தம் அங்கே இல்லை. நான் மூச்சே விடவில்லை. காது முன்னால் திரும்பியது.

அதற்கப்புறம் அவள் கழுத்து இறங்கி நீண்டது. சிட்டு கையை அசைக்கவே இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தான். அவள் ஓடினாள் என்று எழுதுகிறேன், எழுதும்போதே அந்தச் சொல் போதவில்லை. என் உள்ளங்காலில் தரை அதிர்ந்தது, மண் என் முகத்தில் தெறித்தது, அவள் மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் வந்து போனது. விழுந்து விழுந்து எழுந்த அந்த நீளக் கால்கள் எதற்காக அத்தனை நீளம் என்று எனக்கு அப்போது புரிந்தது. பின்னால் ஒரு குதிரையும் இல்லை. அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நான் கண்ணை மூடவில்லை. அந்த வயதுவரை அவ்வளவு பெரிய ஒன்றை நான் பார்த்ததில்லை. பயம் எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது.

எல்லைக் கம்பத்தைத் தாண்டினாள். என்னைச் சுற்றி எல்லா வாளியும் ஒரே நேரத்தில் அலறியது.

நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். செருப்பு ஒன்று எங்கோ போய்விட்டது. லாயத்தில் அவள் கொட்டடியில், வைக்கோலில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். வாளி எட்டாத தூரத்தில் இருந்தது. ஒலிபெருக்கியில் பெயரைக் கேட்டிருப்பார், ஜெயித்தது தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்டார்.

"சொல்லு."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வாய் ஓயாதவள் என்று இவரே ஊரெல்லாம் சொல்லித் திரிகிற நான், மறுபடி திறந்தேன், மறுபடி மூடினேன். கையை இப்படித் தூக்கினேன், அப்படி நீட்டினேன். அழுகைதான் வந்தது.

அவர் என்னையே பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"உனக்கே பேச்சு வரலைன்னா, நல்லாத்தான் ஓடியிருக்கா" என்றார்.

வெளியே குளம்புச் சத்தம் கேட்டது. எழுந்து போய் வாளியை எடுத்தார். டண், டண். "ஏய், ஏய், நில்லு" என்று நெட்டை கத்துவது கேட்டது. பால்மூக்கி அவரையும் கயிற்றோடு இழுத்துக்கொண்டு வாசலுக்குள் வந்தாள்.

இப்போது நாங்கள் பண்ணையில் இருக்கிறோம். அந்தப் பந்தயத்தைப் பயிற்சியாளர் போனில் போட்டுக் காட்டினார். இவர் பாதிவரை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், "உள்ளங்கைக்குள்ள ஓடறா சார், இது அவ இல்ல" என்றார். இன்றைக்கும் சாப்பிடும்போது, வளைவு தாண்டி என்ன ஆச்சு என்று கேட்பார். நானும் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வருகிறது.

பால்மூக்கிக்குப் போன மாதம் பெண் குட்டி பிறந்தது. தாயும் சேயும் சுகம். இதற்கு மூக்கில் வெள்ளை இல்லை. புல்வெளியில் தாயைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. இவர் வேலிக்கு வெளியே, பத்தடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். தொடுவதில்லை, கூப்பிடுவதில்லை, செல்லப் பெயர்கூட வைக்கவில்லை. வாளியை நான் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்துக்கொண்டிருக்கிறேன், நான் எடுக்கும்போது கைப்பிடி சத்தம் போட்டால்கூட முறைக்கிறார்.

"ஒரு தடவை தடவிக் குடுத்தாத்தான் என்ன? பச்சக் குட்டிங்க அது" என்று நேற்று கேட்டேன்.

அவர் கையை அவிழ்க்கவில்லை. குட்டியிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"வேண்டாம்" என்றார். "இவ ஓடறதையாவது நான் கண்ணால பாக்கணும்."